செய்தி வந்தால் தெளிவு காணுங்கள்



2008ஆம் ஆண்டு ஜனவரி 24 அன்று நம் தென்காசியில் ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்திலும் பேருந்து நிலையப் பகுதியிலும் குழாய்க் குண்டுகள் வெடித்தன. அதற்கு முன்னரே ஊர் ரணப்பட்டுக் கிடந்தது. 2006 டிசம்பரில் இந்து முன்னணி நிர்வாகி ஒருவர் கொலையுண்டார். 2007 ஆகஸ்ட் 14இல் நிகழ்ந்த மோதலில் இரு சமூகத்தாரிலுமாக ஆறு உயிர்கள் பறிபோயின. எனவே குண்டு வெடித்ததும் சந்தேகம் முஸ்லிம்கள் பக்கமே திரும்பியது. ஆனால் சில நாட்களில் காவல்துறை கைது செய்தவர்களோ இந்து அமைப்பினருடன் தொடர்புடையவர்கள். பழி பிறர்மேல் விழட்டும் என்றே வைத்தார்கள் என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு.

விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எங்கிருந்து வந்தது? மேடைகளிலிருந்து வந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்க அதிபர் புஷ் ‘சிலுவைப்போர்’ என்ற சொல்லை உதிர்த்தார். அதே மாதம் 20ஆம் நாள், எங்களோடு இல்லாதவர் பயங்கரவாதிகளோடு இருக்கிறார் என்ற கருத்தில் உலக நாடுகளை நோக்கிப் பேசினார். கொலையையும் வெறுக்கிறேன், போரையும் வெறுக்கிறேன் என்பவனுக்கு நிற்க இடமே இல்லாது போயிற்று. ஈராக்கின் பெயரும் அந்தத் தாக்குதலின் பெயரும் ஒரே மூச்சில் திரும்பத் திரும்ப உச்சரிக்கப்பட்டன. விளைவு என்ன தெரியுமா? 2003இல் வாஷிங்டன் போஸ்ட் எடுத்த கருத்துக்கணிப்பில் 69 சதவீத அமெரிக்கர்கள், சதாம் உசேனுக்கு அதில் பங்கிருக்கக்கூடும் என்றனர்! அதற்கு ஆதாரமில்லை என்று அதே ஆண்டு செப்டம்பரில் புஷ்ஷே சொன்னார். ஆனால் மார்ச் மாதமே படை ஈராக்கினுள் புகுந்துவிட்டது. பேரழிவு ஆயுதக் கிடங்கு எதுவும் அங்கே கிடைக்கவுமில்லை.

சகோதரர்களே! பிறர் பேச்சை மட்டும் குறை கூறிவிட்டு எழுந்து போகலாகாது. தென்காசியில் கைது நடந்த செய்தி கேட்டு, “பார்த்தீர்களா, இவர்கள் எல்லாருமே இப்படித்தான்” என்று நம்மில் எவரேனும் சொல்லியிருந்தால், அதுவும் அதே மேடைப் பேச்சுதான். ஒரு சிலர்மீதான வழக்கை, சாரல் காலத்தில் குற்றாலத்து அருவியில் நம்மோடு தோள் உரச நின்று குளிக்கும் மக்கள் அனைவர்மீதும் எப்படிச் சுமத்துவது? ஒரு கூட்டத்தார்மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்கிறது சூரத்துல் மாயிதாவின் 8ஆம் வசனம். தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடாதீர்கள் என்கிறது சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம். இக்கட்டளை முஃமின்களாகிய நம்மை நோக்கியது.

இன்று உங்கள் வீட்டுப் பிள்ளையின் கைப்பேசிக்கும் வாட்ஸ்அப்பில் இத்தகைய செய்தி வருகிறது. யார் சொன்னது, எந்த நாளில் நடந்தது, வழக்கு எந்த நிலையில் உள்ளது என்று அவனிடம் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் அச்செய்தி உங்கள் வீட்டோடு நின்றுவிடட்டும்.