கணினி இருக்கிறது, அதில் பிள்ளையின் கை பட வேண்டும்

(ரஞ்சன்குடியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நமது அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



  மக்காச்சோளக் காட்டு வேலையையும் வெங்காயப் பட்டறை வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக இங்கே கூடியிருக்கிறீர்கள். அல்லாஹ் உங்கள் அனைவருக்கும் நற்கூலி வழங்குவானாக.

இன்று நாம் பேச வந்திருப்பது ஒரே விஷயம். கிராமத்துப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குக் கணினி அறிவும், கோடிங் என்று அவர்கள் சொல்கிறார்களே, அந்த நிரல் எழுதும் திறனும் கிடைக்க நாம் என்ன செய்ய வேண்டும்?

பள்ளிக்கு நாலு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்துவிடலாமே என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதற்கு முன்னால், பள்ளியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

தமிழ்நாட்டில் சுமார் 6,000 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம், அதாவது ஹைடெக் லேப், சில ஆண்டுகளுக்கு முன்பே அமைக்கப்பட்டுவிட்டது. உயர்நிலைப் பள்ளிக்குப் பத்துக் கணினி, மேல்நிலைப் பள்ளிக்கு இருபது கணினி என்பது கணக்கு. பின்னர் நடுநிலைப் பள்ளிகளுக்கும் இந்த ஆய்வகம் வந்தது. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடத்தைப் புரட்டிப் பாருங்கள். ஸ்கிராட்ச் என்ற மென்பொருள் அதில் இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் சிறுவர்களுக்காக உருவாக்கப்பட்டு 2007-ல் வெளிவந்தது அது. வண்ண வண்ணக் கட்டங்களை அடுக்கியே நிரல் எழுதலாம். பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்தால் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான். இரண்டுக்கும் தமிழ் வழியிலேயே பாடநூல் உண்டு. 2025-ல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை செயற்கை நுண்ணறிவையும் ரோபோவையும் அறிமுகப்படுத்த 'டிஎன் ஸ்பார்க்' என்ற திட்டத்தையும் அரசு தொடங்கியிருக்கிறது.

ஆக, கணினி இல்லை என்பதோ பாடம் இல்லை என்பதோ நம் குறை அல்ல. குறை எங்கே என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள், ஆய்வகத்தில் பத்துக் கணினி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கணினிக்கு நாலு பேர். பாடவேளை 40 நிமிடம். சரிசமமாகப் பிரித்தாலும் ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம்தான். ஆனால் சரிசமமாகவா பிரியும்? துணிச்சலான பையன் மவுஸைப் பிடித்துக்கொள்வான். கூச்சமுள்ள பிள்ளை பின்னால் நின்று எட்டிப் பார்க்கும். அப்படி நிற்பது பெரும்பாலும் யார் என்பது பெண் பிள்ளையைப் பெற்ற நமக்குத் தெரியும். மிதிவண்டி ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்து யாரும் மிதிவண்டி கற்றதில்லை. குர்ஆன் ஓதுவதற்கும் நாம் பிள்ளையைத் தினமும் மக்தபுக்கு அனுப்புகிறோம். வாரத்தில் பத்து நிமிடம் போதும் என்று எந்த உஸ்தாதும் சொல்ல மாட்டார்.

வீட்டில்தான் ஸ்மார்ட்போன் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். வெளிநாட்டில் இருக்கும் அத்தா வாங்கி அனுப்பிய நல்ல போன்தான். ஆனால் அந்தப் போனில் பிள்ளை அதிகமும் செய்வது பார்ப்பது. பிறர் செய்து வைத்ததை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறது. கணினியில் தானே ஒன்றைச் செய்யலாம். எழுதலாம், கணக்குப் போடலாம், படம் வரையலாம், ஒரு விளையாட்டையே உருவாக்கலாம். பத்து விரலாலும் தட்டச்சு செய்யப் பழக வேண்டும். தமிழுக்கென்று தமிழ்99 விசைப்பலகை 1999-லேயே வந்துவிட்டது. ஒரு மாதம் தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் விரல் தானாகப் போகும்.

நிரல் என்றால் என்ன என்று தாய்மார்கள் நினைக்கலாம். மிரள வேண்டாம். ஒரு வேலையை எந்த வரிசையில் செய்வது என்று பிசகில்லாமல் படிப்படியாக எழுதி வைப்பதுதான் அது. ஜகாத் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கையிலுள்ள தங்கம், வெள்ளி, ரொக்கம், வியாபாரச் சரக்கு ஆகியவற்றின் மதிப்பைக் கூட்டு. தொகை நிஸாபை எட்டுகிறதா என்று பார். எட்டவில்லையென்றால் 'கடமையில்லை' என்று சொல்லி நிறுத்து. எட்டினால், ஓராண்டு நிறைந்ததா என்று கேள். நிறைந்திருந்தால் நாற்பதால் வகு. இதைக் கணினிக்குப் புரியும்படி எழுதினால் அது நிரல். ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுதிவிடும். எழுதும்போதே, 'கடனைக் கழிக்க வேண்டுமா, வேண்டாமா?' என்று ஹஜ்ரத்திடம் ஓடி வந்து கேட்கும். நிரல் எழுதுகிற பிள்ளைக்கு எதையும் அரைகுறையாக விட முடியாது. அந்தப் பழக்கம்தான் நாம் எதிர்பார்க்கும் பெரிய லாபம்.

இது நமக்குப் புதிய கலையும் அல்ல. கணினி உலகில் படிப்படியான செய்முறைக்கு 'அல்காரிதம்' என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த முஹம்மத் இப்னு மூஸா அல் குவாரிஸ்மியின் பெயர் லத்தீனில் திரிந்ததே அந்தச் சொல். அல்ஜீப்ரா என்ற சொல்லும் அவருடைய நூலின் பெயரிலிருந்து வந்தது. அந்த நூலின் பெரும்பகுதி எதைப் பற்றித் தெரியுமா? வாரிசுகளுக்குச் சொத்தைப் பங்கிடும் கணக்கைப் பற்றி. மார்க்கத்தின் தேவைக்காகக் கணக்கைச் செம்மைப்படுத்திய சமுதாயம் நம்முடையது. மக்தபும் கணினியும் ஒன்றுக்கொன்று எதிர் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். 'எங்களுக்கே ஒன்றும் தெரியாது, பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?'

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காளிக்குப்பம் என்ற கடலோரக் கிராமத்தில் சுகதா மித்ரா என்ற கல்வியாளர் ஒரு சோதனை செய்தார். அதன் முடிவுகள் 2010-ல் வெளிவந்தன. தமிழ் பேசும் கிராமத்துப் பிள்ளைகளிடம் கணினியைக் கொடுத்து, மூலக்கூறு உயிரியல் போன்ற கடினமான பாடத்தை ஆங்கிலத்திலேயே அதில் வைத்தார். ஆசிரியர் கிடையாது. பிள்ளைகள் தாங்களாகவே கூடிப் பேசி, தேர்வில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை வந்தார்கள். அதற்குமேல் உயர வழி தேடி, பிள்ளைகளுக்குப் பழக்கமான ஓர் உள்ளூர் இளம்பெண்ணைத் துணைக்கு வைத்தார். அவருக்கு அந்தப் பாடம் தெரியாது. பாட்டி பேரப்பிள்ளையை மெச்சுவதுபோல, 'அடடா, இதை எப்படிச் செய்தாய்? எனக்கும் காட்டு' என்று பின்னால் நின்று கேட்பதுதான் அவர் வேலை. மதிப்பெண் ஏறத்தாழ 50 விழுக்காட்டுக்கு உயர்ந்தது.

தாய்மார்களே, அந்த வேலையை உங்களால் செய்ய முடியாதா? பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, 'இது என்னம்மா?' என்று கேட்டால் போதும்.

இதனால் நாளை என்ன பயன் என்று கேட்பதும் நியாயமே. கோடிங் படித்த எல்லோருக்கும் லட்சத்தில் சம்பளம் என்று நாங்கள் ஆசை காட்டமாட்டோம். ஆனால் வழி உண்டு. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனம் 2011 முதல் அலுவலகம் நடத்துகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகையும் கொடுத்து, நிரல் எழுதக் கற்றுத் தந்து வேலைக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளியும் அந்நிறுவனத்துக்கு இருக்கிறது. நம் நெடுஞ்சாலையிலேயே வடக்கே போனால் விழுப்புரம். அங்கே கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கிராமப்புற மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக இலவசமாகப் பயிற்சி தருகிறார்கள். தொழில் முடித்து வந்த இளைஞர்கள் தங்கள் ஓய்வு நேரத்தைக் கொடுத்து நடத்துவது அது.

வேலைக்குப் போகாத பிள்ளைக்கும் இது வீணாகாது. கடைக்கணக்கு, வெங்காய விலை, அரசு உதவித்தொகை விண்ணப்பம் எல்லாமே இன்று கணினியில்தான். பத்தாம் வகுப்போடு வெளியூருக்கு அனுப்பத் தயங்கி வீட்டில் நிறுத்தப்படும் பெண் பிள்ளைக்கு இது இன்னும் அவசியம். அவளை மேலே படிக்க வையுங்கள் என்பதே எங்கள் முதல் வேண்டுகோள். பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் பிரிவை எடுக்க அவள் ஆசைப்பட்டால், 'உனக்கு அது வராது' என்று சொல்லிவிடாதீர்கள். அதுவரை அவள் கை விசைப்பலகையில் பட நாம் வாய்ப்புக் கொடுத்தோமா என்று முதலில் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

இனி, நாங்கள் முன்வைக்கும் திட்டம். புதிய கட்டிடம் வேண்டாம். மதரஸாவின் ஓர் அறை போதும். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் வாரத்தில் மூன்று நாள் பெண் பிள்ளைகளுக்கு, மூன்று நாள் ஆண் பிள்ளைகளுக்கு. ஒரு கணினிக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது. பாதி நேரம் ஒருவர் கை, மீதி நேரம் மற்றவர் கை. கடிகாரம் பார்த்து மாற்ற ஒரு பெரியவர் இருக்க வேண்டும். திரை எல்லாம் வாசலைப் பார்த்தே இருக்கும். தாய்மார்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். இணையம் இல்லாமலேயே ஸ்கிராட்சும் தட்டச்சும் பழகலாம் என்பதால் தொடக்கத்தில் இணைய இணைப்பு தேவையில்லை. தமிழ்ச் சொற்களாலேயே கட்டளை எழுதும் 'எழில்' என்ற நிரல் மொழியும் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அஞ்சும் பிள்ளைக்கு அது நல்ல வாசல்.

கணினிக்கு எங்கே போவது? 2011 செப்டம்பரில் அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. பல ஆண்டுகள் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வழங்கினார்கள். நம் மஹல்லாவிலும் சுற்று ஊர்களிலும் அவற்றில் எத்தனை பரணிலும் பீரோ அடியிலும் தூங்குகின்றன? எடுத்து வந்து தாருங்கள். பேட்டரி போயிருந்தாலும் மின்சாரத்தில் நேராக ஓடும். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் பழைய இயந்திரமும் நன்றாக உழைக்கும்.

செலவு விஷயத்தில் ஒரு விளக்கம். ஜகாத் நிதி அதற்குரியவர்களுக்கே சேர வேண்டியது. அதை இந்த அறைக்கு எடுக்க மாட்டோம். மின் கட்டணம், பழுது பார்க்கும் செலவு எல்லாம் நீங்கள் மனமுவந்து தரும் சதகாவிலிருந்து. கற்றவர் பிறருக்குக் கற்றுக் கொடுக்கும் வரை நன்மை தொடரும் ஸதகத்துல் ஜாரியா இது. ஆனால் எங்களுக்குப் பணத்தைவிட அதிகம் தேவைப்படுவது நேரம். கல்லூரி முடித்த, படித்துக்கொண்டிருக்கிற சகோதர சகோதரிகள் வாரத்தில் இரண்டு மணி நேரம் தந்தால் போதும்.

பள்ளியில் நம் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்காரும் மாற்றுமதச் சகோதரர்களின் பிள்ளைகளுக்கும் இந்த அறையில் இடம் உண்டு. ஊர்ப் பிள்ளைகள் என்றால் எல்லோரும்தான்.

நம் ஊரின் பெயரைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் கோட்டையைத்தான் சொல்வார்கள். கருங்கல்லை அடுக்கி அதை எழுப்பியவர்களின் கைத்திறன் நூற்றாண்டுகளைத் தாண்டி நெடுஞ்சாலையிலிருந்தே கண்ணுக்குத் தெரிகிறது. நம் பிள்ளைகளின் கைகளுக்கும் ஒரு திறனைக் கொடுப்பது நம் பொறுப்பு. கூட்டம் முடிந்ததும் வாசலில் இரண்டு தாள் இருக்கும். ஒன்று மடிக்கணினி தருபவர்களுக்கு, மற்றொன்று நேரம் தருபவர்களுக்கு. ஏதாவது ஒன்றில் பெயர் எழுதிவிட்டுச் செல்லுங்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதை நல்வழியில் செலவிடும் மனதையும் அல்லாஹ் தருவானாக. ஆமீன்.