‘தேன் வீ’யா, ‘தேன் அஸ்’ஸா?

சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கிலம் படிக்கும் மன்னார்ப் பிள்ளைகளுக்காக இன்று ஒரு தகவல்.

பள்ளிமுனைப் பெருக்கமரம் எங்களைவிட மூத்தது. இதை ஆங்கிலத்தில் சொன்னால் ‘ஓல்டர் தேன் வீ’யா, ‘ஓல்டர் தேன் அஸ்’ஸா? விடுபட்ட வினையைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார் ரொபர்ட் லோத், 1762இல் வெளியான தம் இலக்கண நூலில். ‘வீ ஆர்’ என்று நிரம்புவதால் ‘வீ’தான் அவருக்குச் சரி. அவர் காலத்திலேயே ஜோசப் பிரீஸ்ட்லி போன்ற இலக்கண ஆசிரியர்கள் இதை ஏற்கவில்லை. இன்றைய பேச்சில் ‘அஸ்’ மிக இயல்பு. பரீட்சைத் தாளில் ‘தேன் வீ ஆர்’ என்று முழுதாக எழுதினால் சிக்கலே இல்லை.

தமிழில் ‘விட’ இரண்டாம் வேற்றுமையை ஏற்கும்: என்னைவிட, எங்களைவிட. அதனால் எங்கள் பிள்ளைகளின் நாக்கு ‘மீ’, ‘அஸ்’ பக்கம் போவது இயற்கை. காரணம் சொல்லாமல் சிவப்புக் கோடு மட்டும் போடுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பொருளே மாறும் இடத்தில்தான் கவனம் வேண்டும். ‘தங்கச்சி என்னைவிட அம்மாவைக் கூடுதலாக நேசிக்கிறாள்.’ நான் அம்மாவை நேசிப்பதிலும் கூடவா, அவள் என்னை நேசிப்பதிலும் கூடவா? தமிழ் வாக்கியம் இரண்டுக்கும் இடங்கொடுக்கிறது. ஆங்கிலத்தில் ‘தேன் ஐ’ என்றால் முதலாவது. ‘தேன் மீ’யை இலக்கணப்படி எடுத்தால் இரண்டாவது. பேச்சில் ‘மீ’ இரண்டுக்கும் வருவதால், முதலாவதற்கு ‘தேன் ஐ டூ’ என்றும், இரண்டாவதற்கு ‘தேன் ஷீ லவ்ஸ் மீ’ என்றும் விரித்து எழுதுங்கள், பிள்ளைகளே.