குத்தகைத் தாளில் கையெழுத்திடுமுன்

(சங்க மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் நம் உறுப்பினர் ஒருவர் ஒரு குத்தகைத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். வேதாரண்யம் பக்கம் அவர் குடும்பத்துக்கு 6 மா நிலம். இறால் பண்ணைக்கு 5 ஆண்டுக்கு விட்டால் நெல்லில் காணாத பணமாம். "கையெழுத்துப் போடட்டுமா அண்ணே?" என்றார். பணத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தது. நிலம் எந்த நிலையில் திரும்பும் என்று ஒரு வரி இல்லை.

உப்புநீரை எஞ்சின் வைத்து இறைத்து, மாதக்கணக்கில் குளத்தில் நிறுத்துகிறார்கள். அது கரைக்குள் அடங்கி நிற்குமா? பக்கத்து வயலுக்குக் கசிகிறது; கிணற்றுக்கும் இறங்குகிறது. உப்பேறிய களிமண் இறுகி மழைநீரையும் உள்ளே விடாது. நாற்று நுனி கருகும். பண்ணைக் கரை வடிகாலை மறித்துவிட்டால் உப்பைக் கழுவிவிடவும் வழியில்லை. குத்தகைப் பணம் வாங்குபவர் ஒருவர், பயிரை இழப்பவர் இன்னொருவர்.

நடவு, களை, அறுப்பு என்று எத்தனை பெண்களுக்குக் கூலி கொடுத்த வயல் அது! பண்ணைக்கு நாலைந்து ஆளும் காவலுக்கு ஒரு நாயும் போதும். மற்றவர்கள் எங்கே போவார்கள்? நாம் வந்த ரயிலில்தான் வருவார்கள்.

1990களில் நாகைக் கடலோரத்தில் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும் இதை எதிர்த்து மக்களைத் திரட்டினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், விளைநிலத்தை இறால் குளமாக்கக் கூடாது என்றது. கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் பாரம்பரியப் பண்ணைகள் தவிர மற்றவற்றை 1997 மார்ச் 31க்குள் அகற்றச் சொன்னது. நஷ்டஈட்டையும் பண்ணைக்காரர் தலையிலேயே வைத்தது. ஆனால் 2005இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, பண்ணைகளைப் பதிவு செய்ய ஓர் ஆணையம் அமைத்தது. 2023இல் அதைத் திருத்திப் பண்ணைக்காரருக்கு இன்னும் வழிவிட்டது. தீர்ப்பு நமக்கு, சட்டம் அவர்களுக்கு!

என்றாலும் 2005 விதிகளிலேயே விளைநிலத்தை மாற்றத் தடை இருந்தது. வயலுக்கும் பண்ணைக்கும் நடுவே, மண்ணைப் பொறுத்து, 50 முதல் 100 மீட்டர் இடைவெளியும் கேட்டார்கள். கலெக்டர் தலைமையில் மாவட்டக் குழுவும் வைத்தார்கள். பக்கத்து வயல்காரர் மனுக் கொடுக்க அவை போதுமாக இருந்தன.

நம் உறுப்பினர் தாளைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் அண்ணன் இன்னும் பேசவில்லை. மகள் கல்யாணக் கடன் அவருக்கு. அதை நான் லேசாக நினைக்கவில்லை. அந்தக் கடனுக்குச் சங்கத்தில் என்ன வழி என்பதை இன்றே பேசி முடிவெடுப்போம். வேறு யாருக்காவது இப்படித் தாள் வந்திருந்தால், கையெழுத்திடுமுன் ஞாயிறு காலை இங்கே கொண்டுவாருங்கள்.