கோட்டைக்குக் கீழ்த்தளம் ஒன்று உண்டு
(மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, நம்ம பக்கம் மலை கிடையாது. மலைமேல கோட்டை பார்க்கணும்னா திருச்சிக்குப் போகணும். தஞ்சைத் தரையில் உயரமாக நின்றவை கோபுரமும் பண்ணையார் மாடியுந்தான். கடற்கரையில் ஒன்று இருக்கிறது, தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை. போன மாதம் பத்துப் பையன்களோடு போயிருந்தேன்.

1620இல் ரகுநாத நாயக்கன் டேனிஷ்காரனுக்கு ஊரை எழுதிக் கொடுத்தான். தங்க ஓலையில். சேரி ஜனத்தைக் கேட்டா கொடுத்தான்? 1845இல் அவன் சேராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயனிடம் விற்றுவிட்டுப் போனான். துறைமுகமும் போச்சு. பிறகு பயணியர் விடுதி, இப்போ அருங்காட்சியகம்.

மதில்மேல் ஏறினால் கடல், மீனவர் குப்பம், தேவாலயம் எல்லாம் தெரியும். பையன்கள் போட்டோ எடுத்தார்கள். நான் கீழே இறங்கினேன். கவர்னர் இருந்தது மேலே. கீழே கிட்டங்கி, சிறை. சீகன்பால்குவையே 1708இல் பிடித்து நாலு மாதம் உள்ளே வைத்தார்கள். அதை எல்லாரும் சொல்வார்கள். 1707 மே மாதம் அவர் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்த ஐந்து பேர் யார்? டேனிஷ்காரர் வீட்டு அடிமைகள். இதைச் சொல்ல மட்டும் எல்லாருக்கும் வாய் வராது.

சரி, வேதத்திலாவது சமத்துவம் கிடைத்ததா? ராஜநாயக்கன் என்று ஒருவர். பறையர், தஞ்சை மன்னன் படையில் இருந்தவர். ஊர் ஊராக நடந்து சபைகளை உண்டாக்கினார். 1733இல் முதல் தமிழ்க் குருவை நியமிக்க வேண்டி வந்தபோது பட்டம் வெள்ளாளரான ஆரோனுக்குப் போனது. பறையர் கையால் நற்கருணை வாங்க மற்றவர் தயங்குவார்களாம்! ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியார்தான். அந்த மிஷனரிகள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. பயந்தார்கள். பயந்தவன் யார் பக்கம் சாய்வான் என்பது நமக்குத் தெரியாததா?

கம்பெனிக்காரன் 1843இல் அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரமில்லை என்றான். நம்ம பண்ணையாளுக்கென்று ஒரு பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆச்சு. என் தாத்தா அந்தச் சட்டத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே களத்துமேட்டில்தான் நின்றார்.

கூட வந்த பையன் ஒருத்தன் கேட்டான்: “அண்ணே, இந்தச் செங்கல்லையெல்லாம் யார் சுமந்தா?” கண்ணாடிப் பெட்டிக்குள் பீங்கான் இருக்கிறது, நாணயம் இருக்கிறது. அவன் கேள்விக்குப் பெட்டி இல்லை. வர்ற ஞாயிறு மறுபடி போகிறோம். வர்றவங்க முதலில் அவங்கவங்க தெருக் கிழவிகளிடம் உட்கார்ந்து, யார் எந்தப் பண்ணையில் இருந்தது, யார் கப்பலேறியது என்று கேட்டு எழுதிக்கொண்டு வாங்க. நோட்டு நான் வாங்கி வர்றேன்.