நூறு ரூபாய் லாபமும் இரண்டு ரூபாய் தர்மமும்

(தொழிற்சங்க ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



‘கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு’ என்ற பேச்சு இன்று நாடெங்கும் அடிபடுகிறது. பள்ளிக்கூடச் சுவரிலே கம்பெனியின் பெயர்; குடிநீர்த் தொட்டியிலே கம்பெனியின் பெயர். முதலாளிகளுக்குத் திடீரென்று இரக்கம் சுரந்துவிட்டதா? இல்லை. சட்டம் கேட்டது, கொடுக்கிறார்கள்.

2013-ம் வருடக் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு 2014 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுவரவோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி, முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூக காரியங்களுக்குச் செலவிட வேண்டும். செலவிடாவிட்டால்? ‘காரணத்தை அறிக்கையில் எழுதினால் போதும்’ என்றுதான் முதலில் இருந்தது.

2019-ல் சிறைத்தண்டனை என்று திருத்தம் போட்டார்கள். அது அமலாகும் முன்பே, 2020-ல் சிறையை எடுத்துவிட்டார்கள். 2021 ஜனவரி முதல், செலவிடாத பணத்தைக் குறிப்பிட்ட நிதியில் கட்டியாக வேண்டும். தவறினால் அபராதம்: கட்டாத தொகையின் இருமடங்கு அல்லது ஒரு கோடி ரூபாய், இதில் எது குறைவோ அது! ஏழை ரேஷன் கார்டில் தவறு செய்தால் ‘எது குறைவோ அது’ என்று எந்த அதிகாரியாவது சொல்வானா?

இந்த 2 சதவிகிதத்தில், சொந்தத் தொழிலாளிகளுக்கு மட்டும் பயன்படும் செலவைச் சேர்க்கக்கூடாது என்கிறது சட்டம். சரிதான். தொழிலாளிக்குச் சேரவேண்டியது தர்மமல்ல, உரிமை! ஆனால் நூறு ரூபாய் லாபம் எப்படி வந்தது என்று இந்தப் பிரிவு கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

போபாலை நினைத்துப் பாருங்கள். 1984 டிசம்பர் 2-ந் தேதி இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கிளம்பி, ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்றது. விஷத்தைக் குளிர வைக்க வேண்டிய இயந்திரம் பல மாதங்களாக நிறுத்தப்பட்டுக் கிடந்தது. 1989-ல் 47 கோடி டாலரோடு கணக்கை முடித்தார்கள். 2010-ல் இந்திய அதிகாரிகளுக்குக் கிடைத்தது இரண்டு வருட தண்டனை, உடனே ஜாமீன். அமெரிக்கத் தலைவர் கடைசிவரை இந்தியக் கோர்ட்டில் விசாரணைக்கு நிற்கவேயில்லை. அங்கே தேங்கிக் கிடந்த கழிவில் சுமார் 337 டன்னை 2025-ல்தான் பீதம்பூருக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். அதுவும் சர்க்கார் செலவில், அதாவது ஜனங்களின் பணத்தில்!

அப்படியானால் சட்டத்தால் பயனில்லையா? அப்படிச் சொல்வது தவறு, தோழர்களே. அபாயகரமான தொழில் நடத்துகிறவன், விபத்து நேர்ந்தால் சாக்குச் சொல்லாமல் முழுப்பொறுப்பேற்க வேண்டும் என்று 1986-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. என்ன அபாயம் இருக்கிறது என்பதைத் தொழிலாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்று 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. போபால் மக்களின் பிணங்களின் மேல் எழுந்த உரிமைகள் இவை.

இன்று என்ன நடக்கிறது? ஒரு கையால் தர்மம் கேட்கிற சர்க்கார், மறு கையால் உரிமையைச் சுருக்குகிறது. மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை என்றது 1948-ம் வருடச் சட்டம். 2025 நவம்பர் 21-ல் அமலான புதிய தொகுப்போ 20 பேர் வேண்டும் என்கிறது. நடுவிலே நிற்கும் தொழிலாளி எங்கே போவான்?

ஆகவே, கம்பெனி கட்டிய பள்ளிக்கூடத்தை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் திறப்புவிழாவுக்கு உங்களை அழைத்தால், அங்கே நாலு கேள்வி கேளுங்கள். ஆலைக் கழிவு எங்கே போகிறது? காண்டிராக்ட் தொழிலாளிக்குச் சட்டப்படியான கூலி உண்டா? பாதுகாப்புக் கருவி வேலை செய்கிறதா? கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?

சட்டம் முதலாளியின் கையைப் பிடிக்கும். அந்தப் பிடி தளராமல் பார்த்துக்கொள்வது ஒன்றுபட்ட தொழிலாளி வர்க்கத்தின் கடமை!