சித்திரமும் கல்வியே
(நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி, வேடந்தாங்கலில் நடைபெற்ற மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இத்தகைய மேடைகளில் பேசுவோர், மருத்துவராகுங்கள், பொறியாளராகுங்கள், ஆட்சிப்பணித் தேர்வு எழுதுங்கள் என்று அறிவுரை கூறுவது வழக்கம். நாமும் பலமுறை கூறியிருக்கிறோம், இனியும் கூறுவோம். எனினும் இன்று, நாம் இதுவரை பேசாத ஒரு தொழிலைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அது சித்திரத் தொழில். அதிலும் சித்திரத்தை அசையச் செய்யும் அனிமேஷன் என்னும் கலை.

முதலில் நம் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் ஒரு மாணவன், கணக்குக் குறிப்பேட்டின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு நாரையை வரைந்து வைத்திருந்தான். தாள்களை விரலால் விரைந்து புரட்டினால் அந்த நாரை சிறகடித்து எழும்பிப் பறந்தது. நம் ஏரியில் கண்டதையே அவன் வரைந்திருந்தான். நாமோ, “படம் சோறு போடுமா?” என்று கடிந்து, குறிப்பேட்டைப் பறித்துக்கொண்டோம். மாலையில் திருப்பிக் கொடுத்தோம். அதன்பின் அவன் வரைந்து நாம் கண்டதில்லை.

அவன் செய்தது விளையாட்டன்று என்பது நமக்குப் பின்னரே விளங்கிற்று. திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு சித்திரத்தை இருமுறை பதிவு செய்தாலும் வினாடிக்கு 12 சித்திரங்கள் வேண்டும். பத்து நிமிடப் படத்திற்கு 7,200 சித்திரங்கள். ஒவ்வொன்றும் முந்தையதினின்று சிறிதே மாறுபட வேண்டும். பறவை எழும்பும்போது சிறகு எங்கே மடிகிறது, கால் எப்போது பின்னால் நீள்கிறது என்பதைக் கூர்ந்து நோக்கியவனே அதனை வரைய இயலும். அந்த நோக்கு அம்மாணவனிடம் இருந்தது. அதைக் காணும் நோக்கு நம்மிடம் இல்லை.

இக்கலையில் இந்தியாவுக்கு வழிகாட்டியவர் ராம் மோகன் அவர்கள். 1931-இல் கேரளத்தில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்றவர். பரிசோதனைச் சாலைக்குச் சென்றிருக்க வேண்டியவர், 1956-இல் பம்பாயில் மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் நிறுவனத்தினுடைய கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். அங்கே பயிற்சியளிக்க வந்தவர், வால்ட் டிஸ்னியின் நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ். அரசு ஊதியம் அளித்தது; ஆசிரியர் தேடி வந்தார்; ஆர்வமுள்ள இளைஞர் கற்றுக்கொண்டார். ஆர்வம் ஒருவனிடம் இருந்தால் மட்டும் போதாது; அதற்கு இடங்கொடுக்க ஓர் அமைப்பும் வேண்டும் என்பதை இதனால் அறிகிறோம்.

அப்பிரிவிலிருந்து 1957-இல் வெளிவந்த படம் ‘ஆலமர மான்’ என்னும் பொருள்படும் ‘தி பேன்யன் டீர்’. புத்தரின் ஜாதகக் கதை அது. நாள்தோறும் ஒரு மான் அரசனுக்கு இரையாக வேண்டும் என்பது ஏற்பாடு. கருவுற்ற பெண்மான் ஒன்றின் முறை வந்தபோது, அதற்கு மாற்றாக மான்களின் தலைவனே வெட்டுமரத்தில் தலை வைத்தது. அரசன் மனம் மாறி, எல்லா உயிர்க்கும் அடைக்கலம் அளித்தான். அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14. இவ்விரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்தது தற்செயலே. எனினும், வலியவன் மெலியவனுக்காகத் தன்னைக் கொடுக்கும் அக்கதை நமக்கு அயலானதன்று.

ராம் மோகன் அவர்கள் 1972-இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். சத்யஜித் ராய் 1977-இல் இயக்கிய ‘ஷத்ரஞ்ச் கே கிலாடி’யில் இடம்பெறும் அசைவுச் சித்திரப் பகுதி அவருடையதே. 1992-இல் ஜப்பானியருடன் இணைந்து இராமாயணத்தை முழுநீளச் சித்திரப் படமாக்கினார்.

அவர் பணிகளுள் நம் பெண்மக்கள் அறிய வேண்டியது ‘மீனா’. 1990-களில் யூனிசெஃப் நிறுவனத்திற்காகத் தெற்காசிய நாடுகளுக்கென உருவான சிறுமி அவள். பள்ளிக்கு அனுப்பப்படாத மீனா, தன் கிளியைப் பள்ளிக்கு அனுப்பி, அது கேட்டு வந்த பாடத்தைக் கற்கிறாள். கற்ற எண்ணிக்கையால் வீட்டுக் கோழிகளை எண்ணி, ஒன்று குறைவதைக் கண்டறிகிறாள். திருட்டு வெளிப்படுகிறது, அவளுக்குப் பள்ளியின் கதவும் திறக்கிறது. ஆயிரம் சொற்பொழிவுகள் செய்ய இயலாததைச் சில நிமிடச் சித்திரம் செய்தது.

முதுமையிலும் அவர் ஓயவில்லை. 2006-இல் மும்பையில் ‘கிராஃபிட்டி’ என்னும் அனிமேஷன் பள்ளியை நிறுவி இளைஞர்களுக்குக் கற்பித்தார். 2014-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2017-இல் மறைந்தார். கற்றதைக் கையோடு கொண்டுபோகாமல் அடுத்த தலைமுறைக்கு அளித்ததனால் அவரை ஆசிரியர் என்றும் போற்றுகிறோம்.

இதனை ஏன் இங்கே விரித்துரைக்கிறோம்? சித்திரம் சிரிப்பதற்கு மட்டும் உரியதன்று. 1949-இல் சங்கர் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்றில், அரசியல் சட்டம் ஒரு நத்தை. அதன்மேல் அண்ணல் சாட்டையுடன் அமர்ந்திருக்கிறார். பின்னே நேருவும் சாட்டையை ஓங்குகிறார். அச்சித்திரம் பதினோராம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றிருந்தது. 2012-இல் நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழவே, அதனை நீக்க அரசு முன்வந்தது. அதன்பின் உன்னமதி சியாம் சுந்தர் என்னும் கேலிச்சித்திரக்காரர், 1932 முதல் 1956 வரை அண்ணலைப் பற்றி ஆங்கில ஏடுகளில் வந்த சித்திரங்களைத் தேடித் தொகுத்து, அவற்றில் உறைந்திருந்த இழிவை எடுத்துக்காட்டி 2019-இல் நூலாக வெளியிட்டார். எதிர்ப்புக் குரலும் வேண்டும். அதனினும் மேலாக, சித்திரத்தைப் படிக்கவும் படைக்கவும் தெரிந்த கை வேண்டும். பிறர் நம்மை வரைந்த காலம் நெடிது. நம்மை நாமே வரையும் காலம் வர வேண்டாமா?

இம்மதுராந்தகம் வட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893-இலேயே நமக்கென ஒரு பத்திரிகை தொடங்கினார். எழுத்து நம் கைக்கு வந்தது அவ்வாறே. தூரிகையும் வரட்டும்.

இளைஞர்களே! இத்தொழில் எளிதென்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டோம். இன்று கணினி பெரும்பங்கு வேலையைச் செய்கிறது. ஒரு படம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டிய நிலையும் உண்டு. ஆகவே பட்டப்படிப்பைக் கைவிடாமல் இக்கலையைப் பயிலுங்கள். 1850-இல் தோன்றிய கலைப்பள்ளி சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியாக நிற்கிறது. நம் அருகே மாமல்லபுரத்தில் 1957 முதல் சிற்பக்கலை கற்பிக்கப்படுகிறது. அண்ணல் வைசிராய் நிர்வாகக் குழுவில் அங்கம் வகித்த 1944-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மேற்படிப்பு உதவித்தொகை இன்றும் உள்ளது. விண்ணப்பிக்கத் தவறாதீர்கள்.

பெற்றோர்களே! பிள்ளையின் குறிப்பேட்டில் படத்தைக் கண்டால் கிழித்துவிடாதீர்கள். “இன்னொன்று வரைந்து காட்டு” என்று கேளுங்கள்.

கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் மாலைப் பாட வகுப்புகளில், வாரத்தில் ஒரு மணி நேரம் சித்திரத்திற்கு ஒதுக்குங்கள். தாளும் பென்சிலும் போதும்; முதலாண்டுச் செலவை நாம் ஏற்கிறோம். கார்த்திகை பிறந்தால் கூழைக்கடாவும் நீர்க்காகமும் கரண்டிவாயனும் நம் ஏரிக்கு வந்து சேரும். அவற்றைக் காணத் தொலைதூரத்தார் வருகின்றனர். கரையில் வாழும் நம் பிள்ளைகளோ நாள்தோறும் காண்கின்றனர். அதைவிடச் சிறந்த பாடசாலை எங்குமில்லை.

அன்று பறித்த குறிப்பேட்டுக்கு ஈடு செய்ய இயலாது. இனி ஒரு குறிப்பேடும் பறிக்கப்படாமலிருக்கச் செய்ய இயலும். அதற்குத் துணை நிற்குமாறு உங்களை வேண்டுகிறோம்.