தறியில் பிறந்த சொற்கள்



கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணியைப் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊராக யாவரும் அறிவர். அவ்வூர்ப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. அங்கே நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில், தறிக்கும் சொல்லுக்கும் உள்ள உறவைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன்.

ஆங்கிலம் பயிலும் மாணவருக்குச் சொற்களை நினைவில் நிறுத்துவதே பெரும்பாடு. ஒவ்வொரு சொல்லையும் சுற்றம் இல்லாத ஒன்றைப் போலத் தனியே எடுத்து மனப்பாடம் செய்கிறார்கள். இன்று படித்தது நாளை மறந்து போகிறது. ஆனால் மக்களைப் போலவே சொற்களுக்கும் குடும்பம் உண்டு. ஒரு குடும்பத்தின் மூதாதையை அறிந்துகொண்டால், பேரன் பேத்திகளை எங்கே கண்டாலும் முகச்சாயலைக் கொண்டு அடையாளம் காணலாம்.

டீ, ஈ, எக்ஸ், டீ என்னும் நான்கு எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். இவை சேர்ந்தால் ‘டெக்ஸ்ட்’; எழுதப்பட்ட பாடம் என்று பொருள். கைப்பேசியில் அனுப்பும் செய்திக்கும் இன்று அதுவே பெயர். இந்த நான்கு எழுத்துகள் ‘டெக்ஸ்டைல்’ என்னும் சொல்லிலும் முன்னே நிற்கின்றன. அது நெய்த துணியைக் குறிக்கும். ‘டெக்ஸ்ச்சர்’ என்பது துணியின் நெசவமைப்பு. பாடத்துக்கும் துணிக்கும் எப்படி உறவு வந்தது? இலத்தீன் மொழியில் ‘டெக்ஸெரே’ என்றால் நெய்தல். அந்த ஒரு தாயின் வயிற்றில் பிறந்தவையே இம்மூன்றும். சொற்களை இழைகளாகக் கோத்து நெய்ததே பாடம் என்று உரோமர் எண்ணினர்.

அக்குடும்பத்தில் இன்னும் இருவர் உளர். ஒன்று ‘கான்டெக்ஸ்ட்’. சேர்த்து நெய்தது என்பது அதன் நேர்ப்பொருள். முன்னும் பின்னும் உள்ள சொற்களின் சூழல் என்பது வழக்குப் பொருள். மற்றொன்று ‘ப்ரீடெக்ஸ்ட்’. முன்னே நெய்து தொங்கவிட்டது என்பது நேர்ப்பொருள். உண்மையை மறைக்கும் போலிக் காரணம் என்பது வழக்குப் பொருள். திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டு அதன் பின்னே ஒளிந்துகொள்ளும் மனிதரை இச்சொல்லில் காணலாம்.

‘கான்டெக்ஸ்ட்’ என்பதை ஒருநாள் வகுப்பில் விளக்க முயன்றேன். இலக்கணம் சொல்லியும் பயனில்லை. காலையில் தறியில் தந்தைக்கு உதவிவிட்டுப் பள்ளிக்கு வரும் மாணவன் ஒருவனிடம், “தாரில் சுற்றிய ஊடை நூலைப் பார்த்தால் சேலையில் வரப்போகும் புட்டா தெரியுமா?” என்று கேட்டேன். “அதெப்படித் தெரியும் ஐயா? பாவோடு சேர்ந்து துணியானால்தான் மயிலா, மாங்காயா என்று தெரியும்” என்றான். தனிச்சொல் ஊடை நூல், வாக்கியம் துணி. இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த உரைநூலிலும் கண்டதில்லை. அதன்பின் அவ்வகுப்பில் யாரும் அச்சொல்லை மறக்கவில்லை.

இனி நம் மொழிக்கு வருவோம். ‘நூல்’ என்றால் இழை. நூல் என்றால் புத்தகம். ‘பா’ என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு. பா என்றால் செய்யுள். ‘பனுவல்’ என்பது கொட்டித் தூய்மை செய்த பஞ்சையும் குறிக்கும். கற்றோர் இயற்றிய நூலையும் குறிக்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் இவ்வுறவை விரித்துக் காட்டுகிறார். சொல்லே பஞ்சு, புலவனே நூற்கும் பெண், அவன் வாயே அவள் கை, அறிவே கதிர் என்பது அவர் கருத்து. மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் காட்டித் தீர்ப்பது போல மனத்தின் கோணலைக் கற்ற நூல் தீர்க்கும் என்றும் அவர் கூறுகிறார்.

தச்சனின் நூலுக்கும் ஆங்கிலத்தில் உறவுண்டு. ‘லைன்’ என்னும் கோடு, ‘லினன்’ என்னும் சணல்வகைத் துணி, சட்டையின் உட்புறத்தில் தைக்கும் ‘லைனிங்’ ஆகிய மூன்றிலும் எல், ஐ, என் என்ற எழுத்துகள் வரிசையாக வருகின்றன. ஆளிச்செடியின் நாரைக் குறித்த ‘லீனும்’ என்ற இலத்தீன் சொல்லே மூன்றுக்கும் மூலம். அந்நாரில் திரித்த கயிற்றை இழுத்துப் பிடித்தே முதலில் நேர்கோடு இட்டனர். நாமும் ‘நூல் பிடித்தாற்போல’ என்கிறோம் அன்றோ? உரோமரும் தமிழரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டதன்று இது. ஒரே தொழில் இரு நாட்டிலும் ஒரே எண்ணத்தைத் தந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். எழுத்து ஒத்திருப்பதால் மட்டும் உறவு ஆகிவிடாது. ‘வெர்டெக்ஸ்’ என்னும் உச்சி, ‘வோர்டெக்ஸ்’ என்னும் நீர்ச்சுழல் ஆகியவற்றின் இறுதியிலும் டீ, ஈ, எக்ஸ் உண்டு. ஆயினும் அவை சுழல்தலைக் குறிக்கும் வேறொரு வேரிலிருந்து வந்தவை. நம் மொழியிலும் தறியில் உள்ள தார் வேறு. சாலைக்கு இடும் தார் ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆகவே எழுத்தைக் கண்டு ஐயுறலாம். வரலாற்றைக் கண்டே முடிவு செய்ய வேண்டும். அகராதியைப் புரட்டும் பழக்கம் இதற்காகவே தேவைப்படுகிறது.

இவற்றையெல்லாம் நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நெசவாளர் வீடுகளில், “நீயாவது நாலு எழுத்துப் படித்துத் தறியை விட்டுப் போ” என்று பெற்றோர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உழைப்புக்கேற்ற ஊதியம் கிடைக்காதவர்களின் வேதனைச் சொல் அது. அதைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. பிள்ளைகள் விரும்பிய தொழிலுக்குப் போகட்டும். ஆனால் தறி ஒரு புறம், எழுத்து மறு புறம் என்று நம்பி, தந்தையின் தொழிலைக் கல்லாதவர் தொழில் என்று நாணி அவர்கள் போகக்கூடாது.

இலண்டனில் ‘டெக்ஸ்ட்’ என்று சொல்பவருள் எத்தனை பேர் தறியைக் கண்டிருப்பர்? அவர் அகராதியில் தேடிப்பெற வேண்டிய பொருளை ஆரணிச் சிறுவன் தன் வீட்டுக் கூடத்தில் நாள்தோறும் காண்கிறான். ஆசிரியர்கள் அந்தக் கூடத்திலிருந்தே ஆங்கிலத்தையும் தமிழையும் தொடங்குவார்களானால், மொழி அவனுக்கு அயலாகத் தோன்றாது. தந்தை இழுத்துக் கட்டிய பாவும் தான் படிக்கும் பாவும் ஒரே சொல் என்பதை அவன் அறிந்துகொள்வான்.